இருபத்து நான்காவது மொழி

கடிதம் வந்தபோது, மகளுக்கு ஏதோ பரிசு கிடைத்திருக்கிறது என்றுதான் லிஃப்ட் மெக்கானிக் நினைத்தார். அவர்மேல் தப்பில்லை. கெட்டிக் காகிதம். மேலே பள்ளிக்கூடத்தின் முத்திரை, அதன் கீழ் நான்கு மஞ்சள் நட்சத்திரங்கள், அவற்றுக்குப் பக்கத்தில் ஐந்தாவது நட்சத்திரத்துக்காக வெறும் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்த இடம். ‘தங்கள் மகள் எங்கள் பள்ளியின் அரவணைப்பு வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள் என்பதைப் பேருவகையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ பேருவகை என்ற சொல்லைப் போட்டு எழுதுகிறவர்கள் கெடுதல் செய்வார்கள் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

மறுநாள் அந்தக் கடிதத்தை வேலைக்கே எடுத்துப்போனார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தபடி, கூட வேலை செய்பவரிடம் வாசித்துக் காட்டினார். அந்த மனிதர் கிரீஸ் கையைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் காகிதத்தைத் தொட்டார்.

“அரவணைப்புன்னா என்னப்பா?”

“தெரியல. ஆனா தேர்ந்தெடுத்திருக்காங்க, பாரு.”

தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலும் குடியிருப்பிலும் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தக் குடியிருப்பின் ஒரே மாடிப்படியில் ஒன்பது மொழிக்காரர்கள் ஏறி இறங்கினார்கள். இரண்டாம் மாடி அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் பேச வாயாடி கூடப் போவாள். தண்ணீர் வரவில்லை என்றால் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கே இருப்பவர் ‘தெரியாம கேக்கறேன், நீங்க யாரு மேடம்?’ என்று கேட்கிறவரை சண்டை பிடிப்பாள். கணக்கு என்றால் உயிர். லிஃப்ட் கூண்டை ஒரு பக்கம் தூக்க மறுபக்கம் தொங்கும் எதிர்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பத்து வயதிலேயே கேட்டு, கூண்டின் எடையோடு அது சுமக்கிற எடையில் ஏறக்குறைய பாதியைச் சேர்க்க வேண்டும் என்று அப்பா சொன்னதும், “அப்போ லிஃப்ட் காலியா மேல போறப்போ மோட்டார் பிடிச்சு நிறுத்தணும், இழுக்கத் தேவையில்ல” என்று சொன்னவள்.

சாயங்காலம் அவள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, “அப்பா, அது பரிசு இல்ல” என்றாள்.

அரவணைப்பு வகுப்பு தரைத்தளத்தில், முன்பு பந்துகளும் பாய்களும் போட்டு வைத்திருந்த அறையில் நடந்தது. தினமும் இரண்டாவது, மூன்றாவது பாடவேளை. அதாவது கணக்கும் அறிவியலும் நடக்கிற நேரம்.

“என்ன சொல்லித் தர்றாங்க?”

“இது கதவு. இது ஜன்னல். நான் கதவைத் திறக்கிறேன்.”

“நீ என்ன சொன்ன?”

“கதவு பூட்டியிருக்கு சார், சாவி உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னேன்.”

“அவர்?”

“வாக்கியம் பெருசா இருக்கு, அந்தப் பாடம் இன்னும் வரலைன்னாரு.”

வருஷ ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ‘வீட்டில் பேசப்படும் மொழிகள்’ என்ற இடத்தில் மெக்கானிக் இரண்டு என்று எழுதியிருந்தார். ஒன்று, ஊரில் எல்லாரும் பேசுகிற, பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருகிற ஊர்மொழி. இன்னொன்று, மனைவியின் மொழி. அவள் தூரத்திலிருந்து வந்தவள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறாள். ஊர்மொழி நன்றாகவே பேசுவாள் என்றாலும், கோபமும் கொஞ்சலும் எண்ணிக்கையும் அவள் மொழியில்தான் வரும். பதினான்கு வருஷத்தில் மெக்கானிக்குக்கு அது முழுக்கப் புரியும், பாதி பேச வரும். உள்ளதை உள்ளபடி எழுதினார். அதுதான் விஷயம்.

பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு இருந்தது. பேசுவதற்கான துளை நெஞ்சு உயரத்தில் இருந்ததால் வருகிறவர்கள் குனிந்துதான் பேச வேண்டும். தடுப்புக்கு மேலே ‘வாருங்கள்’ என்று பல மொழிகளில் எழுதி, அதன் கீழே ஊர்மொழியில் மட்டும் ‘முன் அனுமதியின்றி வரக்கூடாது’ என்று எழுதியிருந்தது. மெக்கானிக் குனிந்தார்.

“தலைமையாசிரியையைப் பார்க்கணும்.”

குமாஸ்தா திரையில் எதையோ தட்டிப் பார்த்தார். “உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணுமே.”

“எதுக்குங்க? இப்போ நாம பேசிக்கிட்டுதானே இருக்கோம்?”

“நான் சும்மா பேசறேன். அவங்க முறைப்படி பேசணும். உங்க ஃபைல்ல வேற மொழின்னு இருக்கு.”

“நான் பொறந்தது மூணு தெரு தள்ளி. படிச்சது இதே பள்ளிக்கூடம். மாடியில அந்தக் கடைசி ரூம்லதான் எனக்கு ஆறாம் வகுப்பு.”

“ரொம்ப சந்தோஷம்” என்றார் குமாஸ்தா. “அதைத்தான் மொழிபெயர்ப்பாளர் மூலமா சொல்லுங்க.”

ஒன்பது நாள் கழித்து நேரம் கொடுத்தார்கள். அறைக்கு வெளியே ஒல்லியான, மரியாதையான மனிதர் ஒருவர் காத்திருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்து, இனிமையாக ஏதோ சொன்னார். மெக்கானிக்குக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மனைவியின் மொழிக்கு ஆள் கிடைக்காததால், அகர வரிசையில் அதற்கு அடுத்து வருகிற மொழிக்காரரை அனுப்பியிருந்தார்கள்.

உள்ளே தலைமையாசிரியை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, “அவரை உட்காரச் சொல்லுங்க” என்றார். மெக்கானிக் உட்கார்ந்தார். அதன்பிறகு மொழிபெயர்ப்பாளர் தன் மொழியில் அதைச் சொன்னார். ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட மெக்கானிக் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருமுறை எழுந்து மறுபடி உட்கார்ந்தார். தலைமையாசிரியை திருப்தியாகத் தலையசைத்தார்.

“எங்ககிட்ட முந்நூத்திப் பத்து பிள்ளைங்க, இருபத்து நாலு மொழி. நாங்க யாரையும் வேற மாதிரி பாக்கறதே இல்லைன்னு சொல்லுங்க. அதனாலதான் வேற மாதிரி இருக்கறவங்களையெல்லாம் தனியா பிரிச்சு, ஒரே ரூம்ல வச்சிருக்கோம்.”

“மேடம், என் பொண்ணுக்கு இந்த மொழி நல்லா தெரியும். குடியிருப்பு மொத்தத்துக்கும் அவதான் பேசறா.”

தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம் மகளுக்கு இந்த மொழி நன்றாகத் தெரியும் என்கிறார்” என்று ஊர்மொழியில் சொன்னார்.

“ஓ, அப்படியா? பெத்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு சொல்லுங்க.”

“கணக்கு வகுப்பே இல்லாம போச்சு மேடம். அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்வு இருக்கு.”

அதையும் மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார். தலைமையாசிரியை எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதில் இருபத்து நான்கு கட்டங்கள். பல கட்டங்களில் பத்துப் பதினைந்து முகங்கள். கடைசிக் கட்டத்தில் வாயாடி மட்டும் தனியாக, புகைப்படக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும் வாயோடு இருந்தாள்.

“கணக்குக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனையோ பிள்ளைங்க இருக்காங்க. இந்த மொழிக்கு இவ ஒருத்திதான். இருபத்து நாலு வந்தாத்தான் அஞ்சாவது நட்சத்திரம். பன்னெண்டு வயசுல ஒரு முழு மொழியையே தோள்ல சுமக்கற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?”

“அந்த மொழி அவளுக்குத் தெரியும்னே எழுதிக்குங்க மேடம். கணக்கு வகுப்புலயும் உட்காரட்டும்.”

இந்த முறை தலைமையாசிரியை மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. “அது எப்படி? ஒரு மொழி எண்ணிக்கையில வரணும்னா அதால அந்தப் பிள்ளைக்கு ஏதாவது குறை இருக்கணும். குறை இல்லாத மொழியை நட்சத்திரத்துக்கு எடுத்துக்க மாட்டாங்க. நாங்க அந்தக் குறையைப் பத்திரமா பாத்துக்கறோம். கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க.”

வெளியே நடைவழியில் மொழிபெயர்ப்பாளர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஊர்மொழியில், “தப்பா நினைக்காதீங்க. நாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன். என் மொழி பேசற ஒருத்தரைக்கூட இங்க நான் இன்னும் பாக்கல” என்றார். கைகொடுத்துவிட்டுப் போனார்.

தேர்வு எழுதினால் வெளியே வரலாம் என்று விதி இருந்தது. மெக்கானிக் விண்ணப்பித்தார். அளவீட்டாளர் என்று ஒரு பெண் கையில் கடிகாரத்தோடு வந்து, வாயாடியிடம் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொன்னாள். படத்தில் ஒரு மனிதர், ஒரு நாய், ஒரு மரம். வாயாடி பதினொரு நிமிஷம் பேசினாள். நாய் எந்தப் பக்கம் இழுக்கிறது, அந்த மனிதரின் தோள் ஏன் அந்தப் பக்கம் சாயவில்லை, அப்படியானால் வரைந்தவர் நாய் வளர்த்ததே இல்லை என்று நிரூபித்து முடித்தாள். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: ‘மிகைப் பேச்சு. மொழிப் பற்றாக்குறையை மறைக்கும் முயற்சி. தொடர்ந்து அரவணைக்கவும்.’

மூன்று வாரம் கழித்து மறுதேர்வு. அதே படம். வாயாடி “மனுஷன். நாய். மரம்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அறிக்கை: ‘சொல்வளம் போதாது. தீவிரமாக அரவணைக்கவும்.’

மெக்கானிக் கண்ணாடித் துளைக்குள் குனிந்து, “எவ்வளவுதாங்க பேசணும்?” என்று கேட்டார்.

“அளவா.”

“அளவுன்னா?”

“அதைச் சொல்லிட்டா வினாத்தாள் வெளியான மாதிரி ஆயிடும்” என்றார் குமாஸ்தா.

இதற்கிடையில் வீட்டில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. முதலில் வாயாடி சாப்பிட உட்கார்ந்தால், “இது தட்டு. இது தண்ணீர். நான் தண்ணீர் குடிக்கிறேன்” என்று கேலியாகச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்லவும் இல்லை. ஒருநாள் இரண்டாம் மாடி அம்மாள் கையில் மருந்துச் சீட்டோடு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். வாயாடி கதவைப் பிடித்துக்கொண்டு, “வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க ஆன்ட்டி. எனக்கு அந்த அளவுக்குப் பேச வராது. ரிப்போர்ட்ல போட்டிருக்கு” என்றாள்.

சொன்னதில் கேலி இல்லை. ஷூ கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் அப்படியே ஒற்றைக் காலில் நின்றார். பத்தொன்பது வருஷ வேலையில் ஒரே ஒருமுறை, கூண்டு பிடி நழுவி அரை மாடி இறங்கியபோதுதான் அவர் இப்படி அசையாமல் நின்றிருந்தார்.

வழி சொன்னவர் விளையாட்டு வாத்தியார். அரவணைப்பு வகுப்பை நடத்துபவரும் அவரே. பள்ளிக்கூடத்தின் ஒரே மைதானத்தில், இருபத்து நான்கு சிமென்ட் தொட்டிகளை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு மொழியின் பெயரை எழுதிப் பன்முகத் தோட்டம் அமைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பிள்ளைகள் ஓடினால் முட்டி பெயர்ந்தது. அவருக்கு வேலை இல்லாமல் போக, மொழி சொல்லித்தரச் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் விசில் மட்டும் இன்னும் தொங்கியது.

“உங்க பொண்ணு வந்து உட்கார்ந்தா எனக்கே அவமானமா இருக்கு சார். பேசறதுல என்னைத்தான் அவ திருத்தறா” என்றார். “ஒரே வழிதான் இருக்கு. வீட்டுமொழி நீக்க மனு.”

“நீக்கம்னா?”

“வீட்டுல அந்த மொழியே கிடையாதுன்னு எழுதிக் கொடுக்கணும். மனு நேரா மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கேர்ந்து வீட்டுக்கு ஆள் வந்து ஒரு மணி நேரம் உட்காருவாங்க. அந்த மொழியில ஒரு வார்த்தை அவங்க காதுல விழக்கூடாது. ஒரு எழுத்து கண்ணுல படக்கூடாது.”

“தலைமையாசிரியை விடுவாங்களா?”

“அவங்களுக்கு நகல்தான் வரும். படித்துப் பார்த்தேன்னு கையெழுத்து போடணும். போடுவாங்க. படிக்க மாட்டாங்க.”

மெக்கானிக் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் துணி காயப்போடும்போது சொன்னார். அவள் கையிலிருந்த சட்டையை ஒருமுறை உதறிக் கொடியில் போட்டாள்.

“அப்போ நான் இந்த வீட்டுல இல்லைன்னு எழுதப் போறீங்க.”

“உன்னை இல்லைம்மா. உன் மொழியை.”

“ரெண்டும் வேற வேறயாங்க?”

அவள் இன்னும் நாலு துணி காயப்போட்டாள். கடைசியாக வாயாடியின் சீருடை. அதன் கைகளை நேராக இழுத்துவிட்டு, “எழுதுங்க” என்றாள்.

ஆய்வாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். அதற்கு முன்பே வாயாடி சமையலறை டப்பாக்களில் அம்மா எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளைத் தண்ணீரில் நனைத்து உரித்திருந்தாள். பாட்டுப் புத்தகமும், பழைய கடிதங்களும், ஒரு தலையணை உறையில் அடங்கிவிட்ட இன்னும் சிலவும் இரண்டாம் மாடி அம்மாளின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தன. ஆய்வாளர் அலமாரியைத் திறந்து பார்த்தார். நாள்காட்டியைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். டப்பாக்களில் காய்ந்த பசையின் தடத்தை விரலால் தடவினார். பிறகு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, “நீங்க பாட்டுக்கு எப்பவும் போல இருங்க. நான் இருக்கறதாவே நினைக்காதீங்க” என்றார்.

எப்பவும் போல மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பதாவது நிமிஷம் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மனைவியின் அக்கா கூப்பிடுவாள். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இவர்கள் பயத்தில் அதைச் சுத்தமாக மறந்திருந்தார்கள். மனைவி போனைக் கவிழ்த்து வைத்தாள். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாம் முறை அடித்தபோது ஆய்வாளர் தலையைத் தூக்கி, “எடுங்களேன். ஏதாவது அவசரமா இருக்கப் போகுது” என்றார். பேனா தயாராக இருந்தது.

மனைவி எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அக்காவின் குரல் அவள் பெயரைச் சொல்லி, ஏன் எடுக்கவில்லை, உடம்புக்கு என்ன என்று பதறுவது மெக்கானிக்குக்கே கேட்டது.

“தப்பான நம்பருங்க” என்றாள் மனைவி, ஊர்மொழியில், ஒவ்வொரு எழுத்தாக. “இங்க அப்படி யாரும் இல்லீங்க.”

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆய்வாளர் அட்டையிலிருந்த ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். நேரம் முடிந்ததும் எழுந்து, “வாழ்த்துகள். உங்க வீடு ரொம்பச் சுத்தமா இருக்கு” என்று சொல்லி, டீ நன்றாக இருந்ததாகவும் பாராட்டிவிட்டுப் போனார். அவர் படி இறங்கிய சத்தம் அடங்குவதற்குள் மனைவி அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. புதன்கிழமைவரை எடுக்கவில்லை.

சான்றிதழ் வந்தது. ‘இவ்வில்லத்தில் பிறமொழி எதுவும் வழக்கில் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.’ கீழே மாவட்ட அலுவலகத்தின் முத்திரை. அதற்குப் பக்கத்தில் ‘படித்துப் பார்த்தேன்’ என்ற வரிக்கு மேல், அழகான சாய்வெழுத்தில் தலைமையாசிரியையின் கையெழுத்து.

வாயாடி கணக்கு வகுப்புக்குத் திரும்பினாள். பத்து வாரப் பாடம் போயிருந்தது. பின்னங்களை மற்றவர்கள் தாண்டிப் போயிருந்தார்கள். சாயங்காலங்களில் அப்பாவும் மகளும் மேசையில் உட்கார்ந்து விட்ட பாடத்தைப் பிடித்தார்கள். ஒரு மாதத்தில், “நீங்க சொல்ற வழி சரிதான், ஆனா சுத்தி வளைக்குதுப்பா” என்று அவள் சொன்னபோது மெக்கானிக்குக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அதற்கடுத்த வாரம்தான் பள்ளிகளைப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற குழு வந்தது. பெற்றோர் வருகை கட்டாயம் என்று பேருவகையுடன் அழைத்திருந்தார்கள். கணவனும் மனைவியும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வாசல் வளைவில் பதித்திருந்த நான்கு நட்சத்திரங்களுக்குக் கீழே நடந்து வந்தார்கள்.

மண்டபத்தில் இருபத்து நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் மொழியின் பெயர்ப் பலகை, பின்னால் ஒரு பிள்ளை. அதே ஊரில் பிறந்து அதே கடையில் சட்டை வாங்கும் பிள்ளைகளுக்கு, பழைய ஜன்னல் திரைகளை வெட்டி இருபத்து நான்கு விதமாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் பள்ளியில் எந்த மொழியும் உயர்ந்ததில்லை, எந்த மொழியும் தாழ்ந்ததில்லை. அதனால் எந்த மொழியையும் நாங்கள் கற்றுக்கொண்டதில்லை. ஒவ்வொரு குழந்தையின் குரலும் எங்களுக்கு முக்கியம். அதனால்தான் யார், எப்போது, எத்தனை சொல் பேச வேண்டும் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம்.”

கைதட்டல். குழுவின் தலைவர் கேட்கும்போது கண்களை மூடிக்கொள்கிற பழக்கம் உள்ள பெரிய மனிதர். அவருக்குப் பின்னால் இரண்டு உறுப்பினர்கள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் பிள்ளை ‘வாருங்கள்’ என்று தன் மொழியில் சொல்ல, தலைவர் கண்ணை மூடித் திறந்தார். இருபத்து மூன்றாவது மேசை முடிந்தது. இருபத்து நான்காவது மேசையில் பலகை இருந்தது, மடித்து வைத்த திரைத்துணி இருந்தது. பிள்ளை இல்லை.

தலைமையாசிரியை குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா ஓடினார். இரண்டு நிமிஷத்தில் வாயாடி கையில் பென்சிலோடு வந்து நின்றாள்.

“சார் வந்திருக்காங்க பாரும்மா. உங்க மொழியில வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“எங்க வீட்டுல அந்த மொழி கிடையாது மேடம்.”

“வெட்கப்படறா சார்.”

“வெட்கம் இல்ல மேடம். மாவட்ட அலுவலகத்துல சான்றிதழே கொடுத்திருக்காங்க. படிச்சுப் பார்த்தேன்னு நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க.” அவள் குரல் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது. “மேல பரீட்சை நடந்துட்டு இருக்கு, பாதிக் கணக்குல விட்டுட்டு வந்தேன். நான் போகட்டுமா?”

கேட்டுவிட்டு அவளே போய்விட்டாள்.

குழுவின் தலைவர் கண்ணைத் திறந்தார். “சான்றிதழ் வேற துறை. அதுல நாங்க தலையிட மாட்டோம். காதுல விழுந்ததைத்தான் எண்ணுவோம். இன்னும் ஒண்ணு காதுல விழலை.”

தலைமையாசிரியையின் பார்வை மண்டபத்தைச் சுற்றி வந்து மெக்கானிக்கின் மனைவியிடம் நின்றது. இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட நேராகப் பார்க்காதவர், ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சகோதரி! நீங்களாவது. ஒரே ஒரு வாக்கியம். என்ன வேணும்னாலும் சொல்லுங்க, உங்க மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க.”

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் போனாள். திரைத்துணியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். தலைமையாசிரியையைப் பார்த்துப் புன்னகைத்தபடி, மூச்சு விடாமல், ஏற்ற இறக்கத்தோடு, தன் மொழியில் ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொன்னாள்.

மண்டபத்தில் அது புரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். மெக்கானிக்குக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அவள் சொன்னது இது: ‘எம்புள்ளை வாயை அடைச்ச உங்க கை விளங்காமப் போகட்டும்; எங்க அக்காவை யாருன்னு தெரியாதுன்னு சொல்ல வச்ச உங்க நாக்கு அழுகிப் போகட்டும்; இந்த வாசல்ல நிக்கற அத்தனை நட்சத்திரமும் உங்க தலையிலேயே இடிஞ்சு விழட்டும்.’

குழுவின் தலைவர் கண்களை மூடியபடியே இருந்தார். “என்ன ஒரு இசை” என்றார். “என்ன ஒரு உருக்கம். பொருள் என்ன?”

தலைமையாசிரியை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். அகர வரிசையில் அடுத்த மொழிக்காரர் முன்னால் வந்து, ஒரு நிமிஷம் யோசித்தார். “இதை என்னைவிட இவர் சரியாச் சொல்லுவார்” என்று மெக்கானிக்கைக் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல்முறையாக மெக்கானிக்கிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார்கள்.

மெக்கானிக் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பிரேக் பிடிக்கும், கயிறு தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை அவருடையது. மனுவில் எழுதியதுதான் முதல் பெரிய பொய். அதை மனைவியிடம் சொல்லவே அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டாவது பொய் தடங்கலில்லாமல் வந்தது.

“இந்த வாசல்ல கால் வைக்கற ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய் நிறைய சொல்லு கிடைக்கட்டும்ங்கறா. எங்களுக்குச் செஞ்சதெல்லாம் செஞ்சவங்களுக்கே பல மடங்கா திரும்பக் கிடைக்கட்டும்ங்கறா.”

இரண்டாம் பாதி ஏறக்குறைய சரிதான்.

தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவது நட்சத்திரம் அங்கேயே அறிவிக்கப்பட்டது. அந்த வாக்கியத்தைப் பள்ளியின் வாசல் வளைவில் பெரிதாக எழுத வேண்டும் என்று தலைவர் பரிந்துரைத்தார். மனைவியிடம் காகிதம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்து, ஒரு எழுத்தையும் விடாமல், கையெழுத்துப் போட்டி மாதிரி நிதானமாக எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் பெயின்டர் அதை அப்படியே, ஓர் அடி உயர எழுத்துகளில், தங்க நிறத்தில் எழுதி முடித்தார். தலைமையாசிரியை தினமும் காலையில் அதன் கீழே நின்று பிள்ளைகளை வரவேற்றார்.

இரண்டு மாதம் போனது. மழை விட்ட ஒரு காலையில் மெக்கானிக் மகளை விட்டுவிட்டுக் கருவிப் பையோடு திரும்பிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை வேறு ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்த ஏழெட்டுப் பேருக்கு வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண், தள்ளுவண்டியில் கைக்குழந்தையும், பக்கத்தில் பத்து வயதுப் பெண்ணும், கையில் சேர்க்கைப் படிவமும் பேனாவுமாக வந்து வளைவின் கீழே நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். உதடு அசைந்தது. நின்ற இடத்திலேயே மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. தூணில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டக் குனிந்துவிட்டாள்.

“பாத்தீங்களா?” என்றார் தலைமையாசிரியை, தழுதழுத்த குரலில். “சொந்த மொழியைப் பாத்ததும் அழுகையே வந்துருச்சு. இதுக்காகத்தான் நாங்க இவ்வளவு பாடுபடறோம்.” பிறகு குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, “அந்தச் சின்னப் பொண்ணை இன்னிக்கே அரவணைப்பு வகுப்புல சேர்த்துடுங்க” என்றார்.

குமாஸ்தா நகர்வதற்குள் மெக்கானிக் ஓடினார். ஈரத் தரையில் கருவிப் பை தொடையில் இடித்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை வண்டியின் கூரைமேல் விரித்து, ‘வீட்டில் பேசப்படும் மொழிகள்’ என்ற வரியில் பேனாவை வைத்திருந்தாள்.

“எழுதாதீங்கம்மா” என்றார் மெக்கானிக், மூச்சிரைக்க, மனைவியின் மொழியில். “பேனாவை மூடுங்க. மேல எழுதினது என் சம்சாரம். முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க.”

பாதி இலக்கணம் தப்பு. அந்தப் பெண் பேனாவை மூடினாள்.